வில் பிடிப்பவர்களின் தோள் நோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் டொக்டர் இல்லை. கொழும்பில் கணக்கு வேலை, வெள்ளவத்தையில் வீடு, கிழமையில் இரண்டு மாலையும் சனிக்கிழமை காலையும் நுனிகள் முன்பக்கம் வளைந்த ரீகேர்வ் வில்லோடு பயிற்சி. புதிதாக வருபவர்களுக்கு வில் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. ஒருமுறை என் இடத்தோள் எட்டு மாதம் படுத்திய பாட்டுக்குப் பிறகு, தோள் நோகும் எல்லோரும் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன்.

வில் பிடித்தால் தோள் நோவது வழமைதானே?

எந்த நோ என்பதைப் பொறுத்தது. பழகத் தொடங்கிய நாட்களில், அடுத்த நாள் காலை இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில், முதுகின் மேற்பக்கம் உளைந்தால் பயப்பட வேண்டாம். வேலை செய்ய வேண்டிய தசை வேலை செய்திருக்கிறது. இரண்டு நாளில் போய்விடும்.

தோளின் உச்சியிலோ முன்பக்கத்திலோ ஒரு இடத்தை விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாக நொந்தால், சேர்ட்டைக் கழற்றக் கையைத் தூக்கும்போது சுரீர் என்றால், இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றால், அது வேறு கதை. அந்த நோவோடு "இன்னும் ஒரு சுற்று" என்று எய்தவர்களில் நானும் ஒருவன். இரண்டு வாரத்தில் முடிந்திருக்க வேண்டியதை எட்டு மாதமாக்கியது அந்த ஒரு சுற்றுகள்தான்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

தோள்மூட்டு, பந்தும் கிண்ணமும் போன்ற மூட்டு. ஆனால் கிண்ணம் ஆழமே இல்லை. தேநீர்க் கோப்பைக்குக் கீழே வைக்கும் தட்டில் ஒரு தோடம்பழத்தை நிறுத்தியது போல. பழம் உருண்டு விழாமல் பிடித்துக்கொள்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நான்கு சிறிய தசைகள். அவை எலும்போடு சேரும் இடத்தில் தசைநாணாக மாறுகின்றன. பெயரிலேயே நாண் இருக்கிறது பாருங்கள், வில்லில் இருப்பது ஒன்று, தோளுக்குள் இருப்பது இன்னொன்று.

அந்த நான்கில் மேலே ஓடுவது சுப்ராஸ்பைனேட்டஸ். அதன் தசைநாண், தோளின் உச்சி எலும்புக்குக் கீழே உள்ள ஒடுங்கிய இடத்தால் போகிறது. தோளைக் காதுப்பக்கம் உயர்த்திக்கொண்டு பாரத்தைத் தாங்கினால் அந்த இடம் இன்னும் ஒடுங்கும், தசைநாணும் அதை மூடியிருக்கும் மெல்லிய பையும் நெரிபடும். ஒருதரம் நெரிந்தால் ஒன்றுமில்லை. ஒரு மாலையில் நூறுதரம் என்றால்?

சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 பவுண்ட் வில் என்றால் வில்லின் எடை அல்ல, அதை முழுதாக இழுத்துப் பிடிக்கத் தேவையான விசை, ஏறக்குறைய 18 கிலோ. நூறு அம்புக்கு 1,800 கிலோ. 50 கிலோ அரிசி மூட்டை 36. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமி அண்ணாமார் அதை முதுகாலும் காலாலும் செய்கிறார்கள். நாங்கள் ஒபிஸ் கதிரையில் எட்டு மணித்தியாலம் கூனி இருந்துவிட்டு வந்து இந்தத் தோளால் செய்கிறோம். மூட்டை தூக்குவதும் நாண் இழுப்பதும் ஒன்றல்லத்தான். ஆனாலும் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு என் தோள்மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

நோவது வில் பிடிக்கும் கையா, நாண் இழுக்கும் கையா? அதில் வித்தியாசம் உண்டா?

நிறைய உண்டு. டொக்டரிடம் போகும்போதும் முதலில் இதைச் சொல்லுங்கள்.

எல்லோரும் இழுக்கும் கைதான் நோகும் என்று நினைக்கிறார்கள். எனக்கு வந்தது வில் பிடிக்கும் இடக்கையில். இழுக்கும்போது அந்தக் கை ஒரு தூண் மாதிரி நிற்க வேண்டும். வில்லின் முழு விசையும் உள்ளங்கை வழியாக, நேராக்கிய கை வழியாக, தோளுக்குள் போய் இறங்குகிறது. தோள் தாழ்ந்து, தோள்பட்டை எலும்பு விலா மீது பதிந்து இருந்தால் அந்த விசை முதுகுக்குப் போய்விடும். தோள் உயர்ந்திருந்தால் மூட்டிலேயே தங்கிவிடும். பாரமான வில், நீண்ட ஸ்டெபிலைசர் (வில் ஆடாமலிருக்க முன்னால் பொருத்தும் தண்டு), களைப்பு, மூன்றும் தோளை உயர்த்தப் பார்க்கும்.

சரி, இழுக்கும் கை. முன்பக்கம் நொந்தால், பெரும்பாலும் மேற்கைத் தசையால், அதாவது பைசெப்ஸால் இழுக்கிறீர்கள். பின்பக்கம் நொந்தால், முழங்கை அம்பின் கோட்டுக்கு மிகவும் கீழேயோ மேலேயோ போகிறதா என்று பாருங்கள். முழங்கை அம்புக் கோட்டில் அல்லது சற்றே மேலே இருப்பது நல்லது. இழுப்பது முதுகின் வேலை, விரல் வெறும் கொக்கி. இதை நான் எத்தனை தரம் சொன்னாலும் ஒருவருக்கும் விளங்குவதில்லை, அதனால் ஷீத்தல் தேவியின் காணொளியைக் காட்டுவேன். கைகள் இல்லாமல் பிறந்த இந்திய வீராங்கனை. காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணைப் பின்னுக்குக் கொண்டுபோய், தாடையால் விடுவிக்கிறார். 2024 பாரிஸ் பராலிம்பிக்கில் கலப்பு அணிப் பிரிவில் வெண்கலம். தோள்பட்டை பின்னால் போவது என்றால் என்ன என்று அதைப் பார்த்த பிறகு விளக்கவே தேவையில்லை.

எனக்கு வில் பாரம் கூடவா என்று எப்படித் தெரியும்?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள். நான் பார்த்த தோள் நோக்களில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்கின.

என் கதை இது. இரண்டு வருடம் 30 பவுண்டில் சந்தோசமாக எய்துகொண்டிருந்தேன். கனடாவுக்குப் போகிற ஒருவர் தன் 40 பவுண்ட் லிம்ப்களை, அதாவது வில்லின் வளையும் இரண்டு புயங்களை, அரை விலைக்குத் தந்தார். கொழும்பில் வில் சாமான் மலிவாகக் கிடைப்பது லேசில்லை, விடுவேனா? ஒரே இரவில் பத்துப் பவுண்ட் ஏறினேன். அதுவும் நாற்பதோடு நிற்கவில்லை. லிம்பில் எழுதியிருக்கும் எண் 28 அங்குல இழுவைக்கு உரியது. அதற்கு மேல் ஒவ்வொரு அங்குலத்துக்கும் ஏறக்குறைய இரண்டு பவுண்ட் கூடும், குறைந்தால் குறையும். என் இழுவை 29. ஆகவே என் விரலில் இருந்தது 42. ஆறு கிழமையில் தோள் போயிற்று.

அதனால் லிம்பில் உள்ள எண்ணை நம்பாமல் தராசில் கொளுவி, உங்கள் இழுவை நீளத்தில் அளந்து பாருங்கள். பயணப்பை நிறுக்கும் கொக்கித் தராசே போதும்.

பிறகு ஒரு சோதனை. இலக்குக்கு முன்னால் நின்று, அம்பைப் பொருத்தி, வில்லைத் தோளின் உயரத்துக்கு உயர்த்தி இழுங்கள். வானத்தைப் பார்த்து உயர்த்தாமல், இடுப்பை வளைக்காமல், மூச்சை அடக்காமல் இழுக்க முடிகிறதா? இழுத்து நங்கூரத்தில், அதாவது இழுத்த கை தாடையில் பதியும் இடத்தில், வைத்துப் பத்து விநாடி நடுங்காமல் பிடிக்க முடிகிறதா? பிறகு அம்பை விடாமல் மெல்லத் திரும்பக் கொண்டுவர முடிகிறதா? மூன்றில் ஒன்று முடியாவிட்டாலும் அந்த வில் இன்னும் உங்களுடையது அல்ல. அம்பில்லாமல் இழுத்து வெறும் நாணை விட்டுவிடாதீர்கள், லிம்ப் வெடிக்கலாம்.

வளர்ந்தவர்கள் 18 முதல் 24 பவுண்டில் தொடங்கினால் தாராளம். ஏறுவதானால் ஒரு தடவைக்கு இரண்டு பவுண்ட், ஏறிய பிறகு இரண்டு மூன்று மாதம் அங்கேயே நில்லுங்கள்.

கூட எய்பவர்கள் "24 பவுண்டா, சின்னப்பிள்ளை வில்லா?" என்று சிரிக்கிறார்களே?

சிரிக்கட்டும். 18 மீற்றரில் இலக்கின் நடு மஞ்சளில் அம்பு விழ 24 பவுண்ட் போதும். 70 மீற்றருக்குப் போகத்தான் கூட்டிய பாரம் உண்மையில் உதவுகிறது. சுயம்வரத்துக்குப் போவதென்றால் சொல்லுங்கள், பெரிய வில்லாக ஒன்று தேடித் தருகிறேன்.

நோ வந்துவிட்டது. முழுதாக நிறுத்த வேண்டுமா?

எய்வதை ஒன்று இரண்டு கிழமை நிறுத்துங்கள். கையை அசைப்பதை நிறுத்தாதீர்கள். தூக்குத்துணியில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் மூட்டு இறுகிவிடும், அதைப் பிறகு அவிழ்ப்பது தசைநாண் நோவைவிடப் பெரிய தலையிடி. சோறு கறி சமையுங்கள். தோளுக்கு மேலே தூக்குகிற வேலையையும் எட்டி இழுக்கிற வேலையையும் மட்டும் மற்றக் கைக்குக் கொடுங்கள்.

ஓய்வு மட்டும் எடுத்தால் நோ போகும், திரும்ப வில்லைத் தொட்டதும் அதுவும் திரும்பி வரும். ஏனென்றால் தசைநாணின் பலம் கூடவில்லை, வில்லின் பாரம் குறையவில்லை.

ஐஸா, சுடு ஒத்தடமா?

திடீரென்று பிடித்த புதிய நோ என்றால் முதல் இரண்டு நாள் ஐஸ், துணியில் சுற்றி, கால் மணித்தியாலம். பழைய, இறுகிய நோ என்றால் சூடு. அம்மம்மா நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுப்பார், சூடு உள்ளே போகும்போது தசை இளகுவது நன்றாகவே தெரியும். பயிற்சிக்கு முதல் செய்தால் கை லேசாக அசையும். நீரிழிவு உள்ளவர்கள் சூட்டை வேறு ஒருவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், தோல் உணர்வு குறைந்திருந்தால் சுட்டுக்கொள்வது தெரியாது.

சித்தாலேப, மற்றத் தைலங்கள் எல்லாம் சரிதான். எரிவும் குளிரும் நோவிலிருந்து மனத்தைத் திருப்பும், நித்திரை வரும். தசைநாண் வரை அது போய்ச் சேர்ந்து ஒன்றும் திருத்தப் போவதில்லை.

பனடோல் போடலாமா? புரூபன், டைக்ளோபெனாக்?

வளர்ந்த ஒருவருக்கு 500 மில்லிகிராம் பனடோல் ஒன்றோ இரண்டோ, நான்கு முதல் ஆறு மணித்தியால இடைவெளியில், ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகாமல். ஈரல் வருத்தம் உள்ளவர்கள் அதற்கும் முதல் டொக்டரைக் கேளுங்கள். இரவு நித்திரைக்காகப் போடலாம். போட்டுவிட்டு எய்யப் போகாதீர்கள், நோ என்பது ஒரு எச்சரிக்கை மணி, அதைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டைத் திறந்து விடாதீர்கள்.

புரூபன், டைக்ளோபெனாக் வகை வயிற்றையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். அல்சர், ஆஸ்துமா, பிரஷர் உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது. கொழும்பில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: டெங்கு. தோள் நோவோடு காய்ச்சலும் உடம்புளைவும் சேர்ந்து வந்தால் "எய்த களைப்பு" என்று நினைத்து இந்த மாத்திரைகளைப் போடாதீர்கள். டெங்கு என்றால் இரத்தப்போக்கை இவை கூட்டும், அஸ்பிரினும் அப்படியே. காய்ச்சல் என்றால் பனடோல் மட்டும், பிறகு இரத்தப் பரிசோதனை.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகலாமா?

வீட்டில் எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். எண்ணெய் பூசி மெதுவாக நீவி விடுவதில் கெடுதல் இல்லை, எனக்கும் அது சுகமாக இருந்தது. இரண்டை மட்டும் செய்ய விடாதீர்கள். ஒன்று, கையைப் பிடித்து வெடுக்கென்று முறுக்கிச் சொடக்கு எடுப்பது. தசைநாண் கிழிந்திருந்தால் கிழிசல் பெரிதாகும். மற்றது, மருந்து வைத்து வாரக்கணக்காக இறுக்கிக் கட்டி வைப்பது.

என்ன பயிற்சி செய்வது? யூடியூப்பில் நூறு இருக்கிறது, தலை சுற்றுகிறது.

இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) ஒருதரமாவது போய் உங்கள் தோளுக்கு எது என்று கேளுங்கள். எனக்குக் கொடுத்தவை சில, அவற்றை அப்படியே சொல்கிறேன்.

முதல் இரண்டு கிழமை அசையாத தள்ளல். சுவரோரம் பக்கவாட்டில் நின்று, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 பாகைக்கு மடித்து, புறங்கையால் சுவரைத் தள்ள வேண்டும். சுவர் நகராது, கையும் நகராது. அரை நிமிடம் தள்ளி, விட்டு, ஐந்து தரம். "இதுவும் ஒரு பயிற்சியா?" என்று நினைத்தேன். நான்காம் நாள் நோ பாதியாகக் குறைந்தபோது வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ரப்பர் பட்டி. விளையாட்டுச் சாமான் கடைகளில் கிடைக்கும், இல்லாவிட்டால் சைக்கிள் கடையில் பழைய டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி நீளவாட்டில் வெட்டிக்கொள்ளுங்கள். யன்னல் கம்பியில் கட்டி, முழங்கை விலாவோடு இருக்க, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்புவது ஒன்று. முழங்கை நகர்ந்தால் ஏமாற்றுகிறீர்கள் என்று அர்த்தம், விலாவுக்கும் முழங்கைக்கும் நடுவில் ஒரு சிறு துவாயை வைத்துக்கொண்டால் அது விழுந்து காட்டிக்கொடுக்கும். இரண்டு கையாலும் பட்டியை வயிற்றுப்பக்கம் இழுத்து, தோள்பட்டைகளைப் பின்னுக்கும் கீழுக்கும் சேர்ப்பது மற்றது. பத்து முதல் பதினைந்து தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள்.

மூன்றாவது, சுவரில் கை ஊன்றித் தள்ளும் தண்டால். சாதாரணமாகத் தள்ளி முடிந்த பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி, முதுகு சற்று வளையும் வரை போக வேண்டும். வில் பிடிக்கும் கையைத் தூணாக நிறுத்தும் தசை அந்தக் கடைசி ஓர் அங்குலத்தில்தான் வேலை செய்கிறது. அந்த அங்குலத்தை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நாள் முழுக்கக் கணினிக்கு முன்னால் இருப்பவர்கள் கதவு நிலையில் முன்னங்கையை வைத்து மார்பை விரிப்பதையும் சேருங்கள். முன்பக்கம் இறுகிய மார்புத் தசை தோளை முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருந்தால் பின்பக்கத்துப் பயிற்சி எல்லாம் வீண்.

பயிற்சியின்போது லேசாக நோகலாம். பத்துக்கு மூன்று நான்கு என்று மதிப்பிடக்கூடிய நோ, அடுத்த நாள் காலைக்குள் அடங்கினால் பரவாயில்லை. அடுத்த நாள் கூடியிருந்தால் பட்டியைத் தளர்த்துங்கள். தசைநாண் அவசரப்படாது. பன்னிரண்டு கிழமை என்று மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

கொழும்பில் யாரிடம் காட்டுவது?

அரச ஆஸ்பத்திரி இலவசம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ, தெகிவளைப் பக்கத்தவர்கள் களுபோவில போதனா வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவுக்குக் காலையிலேயே போனால், அங்கிருந்து கிளினிக்குக்கும் இயன்மருத்துவத்துக்கும் கடிதம் தருவார்கள். பொறுமை வேண்டும். வெள்ளனப் போங்கள், தண்ணீர்ப் போத்தல் கொண்டு போங்கள்.

தனியாரில் சனல் பண்ணுவதென்றால் எலும்பு மூட்டு நிபுணர், வாத நோய் நிபுணர், விளையாட்டு மருத்துவர் மூவரில் எவரும் சரி. நான் முதலில் பார்த்தவர் "வில்வித்தையா? அம்பு குத்திவிட்டதா?" என்று கேட்டார். நான்கு நிமிடத்தில் மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். பிழை அவரிடம் மட்டும் இல்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அடுத்த டொக்டரிடம் போகும்போது, பக்கவாட்டிலும் பின்னாலும் எடுத்த காணொளியைத் தொலைபேசியில் கொண்டுபோனேன். எத்தனை பவுண்ட், கிழமைக்கு எத்தனை அம்பு, எந்த நிலையில் நோகிறது என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். பேச்சே மாறிவிட்டது.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

"டக்" என்ற சத்தத்தோடு நோ வந்து கையைத் தூக்கவே முடியாவிட்டால். தோளின் வடிவம் மாறியிருந்தால். கை மரத்து, விரல்களில் பலம் போனால். மூட்டு வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் இருந்தால்.

இடத்தோள் நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல் வந்தால் வில்லை மறந்துவிடுங்கள். அது இதயமாக இருக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள், காசில்லை.

ஸ்கேனில் "கிழிசல்" என்று எழுதியிருக்கிறது. சத்திரசிகிச்சையா?

பெரும்பாலும் இல்லை. நாற்பது தாண்டியவர்களின் தோளை ஸ்கேன் செய்தால், ஒரு நோவும் இல்லாதவர்களிலும் சிறு கிழிசல்கள் தெரிவது சாதாரணம். வயது போகப் போகத் தலைமயிர் நரைப்பது போல. அறிக்கையை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், கையைப் பிடித்து அசைத்துப் பார்த்துச் சொல்லும் டொக்டரின் பேச்சைக் கேளுங்கள். விழுந்தோ உதறியோ திடீரென்று முழுதாகக் கிழிந்ததற்குத்தான் சீக்கிரம் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் தசைநாண் தெரியாது, எலும்பும் சுண்ணாம்புப் படிவும்தான் தெரியும். ஆகவே "எக்ஸ்ரே நல்லம்" என்றால் தோள் நல்லம் என்று ஆகிவிடாது.

ஸ்டெரொயிட் ஊசி போட்டால் சரியாகிவிடுமாமே?

சில கிழமைகளுக்கு நோ நன்றாகக் குறையும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால் பயன், எய்யப் போனால் நட்டம். அடிக்கடி போடுவது தசைநாணுக்குக் கூடாது. நீரிழிவுக்காரருக்குச் சில நாட்கள் சீனி ஏறும்.

போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு விசயம். 2022 ஜனவரி முதல் இந்த ஊசிகள் எந்த வழியில் ஏற்றினாலும் போட்டிக் காலத்தில் ஊக்கமருந்துப் பட்டியலில் தடை. பிரஷருக்குக் கொடுக்கும் அட்டெனலோல், புரொப்பிரனலோல் போன்ற பீட்டா புளொக்கர்கள் வில்வித்தையில் போட்டிக்கு வெளியேயும் தடை, அவை கை நடுக்கத்தைக் குறைப்பதால். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டொக்டரிடம் சொல்லி, இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகத்தில் விசாரியுங்கள்.

எனக்கு 52 வயது, சீனி வருத்தம். கை பின்னால் போகவே மாட்டேன் என்கிறது.

அது வில்லால் வந்ததாக இல்லாமலும் இருக்கலாம். உறைந்த தோள் என்று ஒன்று உண்டு. நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில், நீரிழிவு உள்ளவர்களுக்குக் கூடுதலாக வரும். அடையாளம் இது: நீங்கள் தூக்கினாலும் சரி, வேறொருவர் பிடித்துத் தூக்கினாலும் சரி, கை ஒரு எல்லையில் நின்றுவிடும், வெளிப்பக்கம் திருப்பவும் முடியாது. தசைநாண் நோவில் மற்றவர் தூக்கினால் பெரும்பாலும் கை மேலே போகும். உறைந்த தோள் தானாக இளக ஒரு வருடம், சிலருக்கு இரண்டு மூன்று வருடம்கூட எடுக்கும். சீனியைக் கட்டுப்படுத்துங்கள், டொக்டரிடம் காட்டுங்கள். பலவந்தமாக வில்லை இழுத்து இளக்கப் பார்க்காதீர்கள்.

மகளுக்கு 12 வயது. தோள் நோகிறது என்கிறாள், ஆனால் போட்டி வருகிறது.

நிறுத்துங்கள் அக்கா. வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் இன்னும் குருத்தெலும்பு வளர்தகடு இருக்கிறது, அது தசைநாணைவிடப் பலம் குறைந்தது. பிள்ளை நோகிறது என்றால் அன்றைக்கு வில் இல்லை, இரண்டு கிழமையில் போகாவிட்டால் டொக்டர். வில் 10 முதல் 16 பவுண்ட் போதும். அப்படியே புத்தகப் பையையும் ஒருநாள் தராசில் வைத்துப் பாருங்கள், அதை ஒற்றைத் தோளில்தான் மாட்டிக்கொண்டு போகிறாள் என்று நினைக்கிறேன்.

சக்கரம் வைத்த கொம்பவுண்ட் வில்லுக்கு மாறினால் தப்பலாமா?

பாதி தப்பலாம். 50 பவுண்ட் கொம்பவுண்ட், சக்கரம் திரும்பிய பிறகு பாரத்தில் 80 வீதத்தை விட்டுக்கொடுக்கும் என்றால் பிடித்து நிற்பது 10 பவுண்ட்தான். ஆனால் அந்த 50ஐத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும். அந்த உச்சியைத் தாண்ட ஆட்கள் வில்லை வானத்துக்குத் தூக்கி உதறி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுவை நீளம் அரை அங்குலம் கூடிப்போனாலும் உடல் பின்னால் சாய்ந்து வில் பிடிக்கும் தோள் உயரும். பாரத்தைக் குறைத்து, நீளத்தைச் சரியாக அமைத்துத் தருகிற ஒருவரிடம் வாங்குங்கள்.

கையை மாற்றி எய்தால்?

ரப்பர் பட்டியை மறுகையால் இழுப்பது நல்லது, முதுகின் இரண்டு பக்கமும் சமமாக வளரும். முழுதாக மாறுவதற்குக் கண்ணும் ஒத்துழைக்க வேண்டும், வில்லும் வேறு வாங்க வேண்டும். நோவுக்காக மாறியவர்கள் அதே பாரத்தை அதே உயர்ந்த தோளோடு இழுத்தால், ஆறு மாதத்தில் இரண்டு தோளும் நோகும்.

எய்யாத நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

காலி வீதியில் 100, 101 பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவதை. ஒவ்வொரு பிரேக்குக்கும் தோள் இழுபடும். நோகாத கையால் இருக்கைக் கம்பியைப் பிடியுங்கள், முடிந்தால் பின்னேர நெரிசலில் ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் வாருங்கள். படுக்கும்போது நோகாத பக்கம் படுத்து, நோகும் கைக்குக் கீழே ஒரு தலையணை.

மழை விட்டதும் ஓடிப்போய் முதல் அம்பை விடுவதும் எங்கள் ஊர்ப் பழக்கம். ஒக்டோபர், நவம்பர் பின்னேரங்களில் கிடைப்பது ஒரு மணித்தியாலம், அதில் பத்து நிமிடம் கை சுழற்ற மனம் வராது. சுழற்றுங்கள். காற்று அடித்தால், அடங்கும் வரை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், இறக்கிவிட்டுத் திரும்ப இழுங்கள்.

எப்போது திரும்ப எய்யலாம்?

இரவில் நோ இல்லை, கை இரண்டு பக்கமும் ஒரே அளவு உயர்கிறது, பட்டிப் பயிற்சி லேசாகிவிட்டது. இவை மூன்றும் வந்த பிறகு.

நான் திரும்பியது இப்படி. முதல் கிழமை வில்லே இல்லை, பட்டியை இழுத்து நங்கூரத்தில் வைத்துத் தோள் தாழ்வைக் கண்ணாடியில் பார்த்தேன். அடுத்த இரண்டு கிழமை கழகத்துப் பழைய 20 பவுண்ட் வில், நான்கு மீற்றரில் இலக்குத் தாள் ஒட்டாத மெத்தை, ஒருநாள் விட்டு ஒருநாள் 30 அம்பு. வில்லை உயர்த்தும் முன்பே தோளைக் கீழே வைத்துவிட்டுத்தான் உயர்த்த வேண்டும், உயர்த்திய பிறகு இறக்க முடியாது என்பது அங்கேதான் விளங்கியது. தாள் இருந்திருந்தால் புள்ளியைப் பார்த்திருப்பேன், தோளைப் பார்த்திருக்க மாட்டேன். பிறகு கிழமைக்கு ஐந்தாறு அம்பாகக் கூட்டினேன். அம்பைக் கூட்டும் கிழமையில் பாரத்தைக் கூட்டவில்லை, பாரத்தைக் கூட்டும் கிழமையில் அம்பைக் கூட்டவில்லை.

இப்போது நீங்கள் எத்தனை பவுண்ட்?

விரலில் 34. அந்த 40 பவுண்ட் லிம்ப்கள் அலுமாரிக்கு மேலே பையில் இருக்கின்றன. யாராவது அரை விலைக்குக் கேட்டால், முதலில் பத்து விநாடி பிடித்துக் காட்டச் சொல்வேன்.